திம்புள்ள மலையும் குத்துச்சண்டை மேடையும்

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் என்பவர், கேடயத்துக்கும் பதக்கத்துக்கும் அன்றி, முன்கூட்டிப் பேசி முடித்த தொகைக்காக மேடையேறி, அத்தொகையைக் கொண்டு பிழைப்பவர் ஆவார். அத்தகையவர் உருவாக உடல்வலிமையும் துணிவும் மட்டும் போதா. சண்டையை ஏற்பாடு செய்ய ஒரு பந்தயக்காரர், காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்க ஒரு கூட்டம், வேலை முடிந்தபின் பயிற்சிக்கென ஒதுங்க ஓர் இடம், அங்கே செலவிடத் தனக்கே உரிய சில மணி நேரம் ஆகியவையும் வேண்டும். இலங்கை மத்திய மலைநாட்டின் திம்புள்ளப் பகுதியில் குத்துச்சண்டை ஒரு பிழைப்பாக வேரூன்றாமல் போனதையும், பாக்கு நீரிணைக்கு அப்பால் வட சென்னையில் அது தழைத்ததையும் ஒருசேர வைத்து நோக்கினால், இவ்வேறுபாட்டின் காரணம் மனிதர்களின் மனவுறுதியில் அல்லாமல் அவர்களுடைய உழைப்பு அமைக்கப்பட்டிருந்த முறையில் இருந்தது என்பது விளங்கும்.

கையுறை, மூன்று நிமிடச் சுற்று, சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழுவதற்குப் பத்து விநாடி என இன்றைய குத்துச்சண்டைக்கு உருவம் கொடுத்த குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் இலண்டனில் வெளியாயின. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபின், ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துல, நானுஓயா என விரியும் திம்புள்ளச் சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியதும் அம்மாற்றம் உறுதிப்பட்டது. குத்துச்சண்டை, தேயிலை ஆகிய இவ்விரு புதுமைகளையும் மலைநாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் பிரித்தானியரே எனினும், தேயிலையின் உழைப்பைத் தமிழரிடம் ஒப்படைத்தவர்கள் விளையாட்டைத் தமக்கென வைத்துக்கொண்டனர்.

திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் முன்பணக் கடனோடுதான் தோட்டத்துக்குள் நுழைந்தனர். இக்கடனோடு பிணைந்த ‘துண்டு’ என்பது, இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டாகும். 1921இல் அத்துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி இடம்பெயர்வதும் கடன் இடம்பெயர்வதும் ஒன்றாகவே இருந்தன. விடியலில் பெரட்டுக்களத்தில் ஆளெண்ணி வேலை பிரிப்பதும், ஒருநாள் வேலையை ஒரு ‘பேர்’ என்றும், குறைந்தால் ‘அரைப்பேர்’ என்றும் செக்ரோலில் பதிவதும், கொடுத்த அரிசியின் விலையைச் சம்பளத்தில் கழிப்பதும் அவர்களுடைய வாழ்வின் ஒழுங்காயின. கொழுந்து பறிப்பதிலும் கவ்வாத்து வெட்டுவதிலும் நாள் முழுதும் செலவான உடல் அந்தியில் திரும்பியது ஒற்றை அறை லயத்துக்கு. அந்த லயமும் அதைச் சூழ்ந்த நிலமும் தோட்டத்தின் தனிச்சொத்தாகையால், வெளியாள் அனுமதியின்றி உள்ளே வருவது அத்துமீறல் எனக் கருதப்பட்டது. பின்னாளில் ஹட்டனைத் தளமாகக் கொண்டு 1931இல் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரே தோட்ட நிலைமையை அறியத் துணி வியாபாரி வேடத்தில் செல்ல வேண்டியிருந்தது என்றால், பந்தயக்காரர் ஒருவர் மேடை கட்டிச் சீட்டு விற்பதற்கு அங்கே வழி இருந்திருக்க முடியாது.

ஆயினும் மலைநாட்டில் விளையாட்டு இல்லாமலில்லை. டிக்கோயா தரவளையிலும் ராதல்லையிலும் தோட்டங்களை நடத்திய துரைமார் தங்களுக்கென மன்றங்கள் அமைத்து ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடினர். குத்துச்சண்டையோ கல்லூரிகளின் வழியாக இலங்கையில் பரவியது. அப்போது குடியேற்றச் செயலாளராக இருந்த எட்வர்ட் ஸ்டப்ஸின் பெயரால் 1914இல் தொடங்கிய ஸ்டப்ஸ் கேடயப் போட்டி, பாடசாலைகளுக்கிடையிலான குத்துச்சண்டைக்கு நிலைத்த அடித்தளமிட்டது. இது ஊதியம் பெறாதவர் ஆடும் அமெச்சூர் மரபு. இதில் நுழைவதற்கு முதல் தகுதி, கட்டணம் செலுத்திப் படிக்கும் பாடசாலை ஒன்றில் இடம் பெற்றிருப்பது. சில வகுப்புகளோடு முடிந்துவிடும் தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த வாயில் திறந்திருக்கவில்லை.

வட சென்னையின் கதை வேறு. துறைமுகம், ரயில்வே பணிமனைகள், பி அண்ட் சி மில், காசிமேட்டு மீன்பிடித் துறை ஆகியவற்றைச் சுற்றி இராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை எனத் தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கி வளர்ந்தன. அங்கே வறுமைக்குக் குறைவில்லை. ஆனால் சங்கு ஊதியபின் தொழிலாளியின் மாலைப்பொழுது அவருடையதாக இருந்தது, கூலி காசாகக் கைக்கு வந்தது, தெருக்கள் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆங்கிலச் சிப்பாய்களிடமும் ஆங்கிலோ இந்தியரிடமும் கண்ட கலையைத் தமதாக்கிக்கொண்ட உள்ளூரார், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் முதலிய பரம்பரைகளாகப் பிரிந்து மோதினர். பரம்பரை என்னும் சொல் இங்கே குருதிவழியைக் குறிக்காமல், ஒரே வாத்தியாரின் வழியில் பயின்றவர்களின் அணியைக் குறித்தது. மீனவரும் சுமைதூக்குவோரும் ஆலைத் தொழிலாளரும் அதில் அருகருகே நின்றனர். பணத்தோடு அணியின் மானத்தையும் பணயம் வைத்து நடந்த இப்போட்டிகளுக்கு ‘ரோஷமான குத்துச்சண்டை’ என்று பெயர் வழங்கியது.

இம்மேடைக்கு வெளிநாட்டாரும் வந்தனர். கன்போட் ஜாக் என அறியப்பட்ட அமெரிக்கக் கறுப்பின வீரர் தென்னிந்திய மேடைகளில் புகழ்பெற்றுப் பெங்களூரிலேயே தங்கிவிட்டார். ஆங்கிலோ இந்திய வீரரான நாட் டெர்ரியைச் சார்பட்டாவின் கித்தேரி முத்து வென்றதும், பெரியார் அவருக்குத் ‘திராவிட வீரன்’ என்னும் பட்டம் அளித்ததும் வட சென்னையின் வாய்மொழி வரலாற்றில் இன்றும் பெருமிதத்தோடு சொல்லப்படுகின்றன. 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டையிட்டார். எனினும் மேடையில் தொடங்கிய பகை தெருவிலும் தொடர்ந்தமையால், பந்தயத்துக்கான இச்சண்டைகள் அடுத்து வந்த ஆண்டுகளில் மெல்ல மறைந்தன. பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் 2021இல் வெளியானபோது, அது காட்டிய உலகம் முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருந்தது. தழைத்த இடத்திலும் இத்தொழில் வீரருக்கு முதுமைக்காலப் பாதுகாப்பு எதையும் தரவில்லை என்பதையும் இங்கே மறக்கலாகாது.

திம்புள்ளத் தோட்டங்களிலும் உடலின் கலைகள் இருந்தன. தப்பின் முழக்கத்தோடு காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் விடிய விடிய ஆடப்பட்டன. ஆனால் அவை ஊர்ப்பொதுவில் திரட்டிய பணத்தில், நேர்த்திக்கடனாக நிகழ்ந்தவை; பார்ப்பவர் சீட்டு வாங்குவதில்லை, ஆடுபவர் அதைக் கொண்டு பிழைப்பதில்லை, கூத்து முடிந்த காலையில் அர்ச்சுனனும் பெரட்டுக்குப் போயாக வேண்டும்.

பணத்துக்காக அன்றி நாட்டுக்காக மேடையேறும் வழியும் விரைவில் அடைபட்டது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில், ஏறத்தாழ 57 கிலோ எடையுடையோருக்கான பிரிவில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கம் வென்று இலங்கைக் குத்துச்சண்டைக்கு உலக அறிமுகம் தந்தார். 1948 ஜூலை 29இல் இலண்டனில் தொடங்கிய ஒலிம்பிக்குக்குச் சுதந்திர இலங்கை முதன்முறையாக அனுப்பிய 7 பேரில் லெஸ்லி ஹந்துங்க, எடி கிரே, அல்பேர்ட் பெரேரா, அலெக்ஸ் ஒபேசேகர ஆகிய 4 பேர் குத்துச்சண்டை வீரர்கள். அவ்விளையாட்டுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 4ஆம் நாள், குடியுரிமைச் சட்டமூலம் கொழும்பில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நவம்பர் 15இல் சட்டமாகிய அது, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் சிக்கல் முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்நாளில் ஒலிம்பிக் மேடையில் நிற்க ஒருவர் ஏதேனும் ஒரு நாட்டின் பிரசையாக இருந்தாக வேண்டியிருந்தது. திம்புள்ள லயமொன்றில் 1948இல் பிறந்த பிள்ளைக்கு எத்தனை வலிய கை வாய்த்திருந்தாலும், அக்கையை உயர்த்திப் பிடித்து இவர் எங்கள் வீரர் என்று அறிவிக்க அன்று எந்த நாடும் முன்வந்திருக்காது.