வேலூர் விஞ்ஞானி ககன்தீப் காங்: 300 ஆய்வுக் கட்டுரைகள்... 'ஹெச்-இண்டெக்ஸ்' சொல்வது என்ன?

வேலூர் சி.எம்.சி.யில் பல ஆண்டுகள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி ஆய்வு செய்தவர் டாக்டர் ககன்தீப் காங். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி. 300-க்கும் அதிகமான கட்டுரைகளில் இவர் பெயர் இருக்கு. எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது என்றுதான் 2005-ல் வந்தது 'ஹெச்-இண்டெக்ஸ்'. ஒருவரின் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டால் மதிப்பு 20. அவ்வளவுதான் கணக்கு.

ஆனா மேற்கோளுக்குப் பின்னால் என்ன இருக்கு? காங் குழுவின் 2011 கட்டுரையைப் பாருங்க. வேலூர் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் 3 வயது வரை கண்காணித்தாங்க. மெக்சிகோ ஆய்வில் ரோட்டா வைரஸ் 2 முறை தொற்றினாலே, அடுத்து கடும் வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரில் 3 தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79% தான்! வெளிநாட்டில் நல்லா வேலை செய்யும் தடுப்பு மருந்து இங்கேயும் அப்படியே வேலை செய்யும்னு நம்ப முடியாது, இங்கேயே சோதிக்கணும். இந்தியத் தயாரிப்பான 'ரோட்டாவாக்' டெல்லி, புனே, வேலூரில் சோதிக்கப்பட்டு, 2016-ல் அரசின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது.

2011 கட்டுரையில் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவரா, ஒரு பகுதி மட்டும் செய்தவரா என்று ஹெச்-இண்டெக்ஸ் பார்க்காது. எல்லோருக்கும் ஒரே கணக்கு. வீடு வீடாகப் போய் மல மாதிரி சேகரித்த களப்பணியாளர்களுக்கோ அதில் இடமே கிடையாது.