பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை

பல்லாவரம் என்றதும் வரலாற்றுப் புத்தகங்கள், 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்காலக் கைக்கோடரியைத்தான் சொல்லும். தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்து நண்பர்களுக்கோ வெள்ளிக்கிழமை சந்தை!

வெள்ளைக்காரன் காலத்தில் இது மாட்டுச்சந்தை. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயில் வந்தபின், நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்பது சுலபமாயிற்று. வயல்கள் மனைகளாயின. மாடுகள் குறைந்தன. சந்தை மட்டும் சரக்கை மாற்றிக்கொண்டு பிழைத்துவிட்டது.

இப்போது அங்கே என்னதான் கிடைக்காது? காய்கறி, கருவாடு, பழைய பாத்திரம், ரோஜாச்செடி, புறா, வண்ணமீன், பழைய நாணயம், பாடாத ரேடியோ. (பாடாத ரேடியோ யாருக்கு என்கிறீர்களா? அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பாட வைப்பதே சிலருக்குப் பொழுதுபோக்கு.) பேரம் பேசத் தெரியாவிட்டால் அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

சந்தையால் போக்குவரத்து நெரிசல் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நியாயமான புகார்தான். ஆனால் கடை வாடகை கொடுக்க வழியில்லாதவர், தரையில் சாக்கு விரித்து வியாபாரம் செய்ய இந்தப் பக்கத்தில் வேறு இடம் எங்கே இருக்கிறது? சந்தையை எடுத்துவிடலாம் என்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.

போவதென்றால் ரயிலில் போங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.