மலையகத் தோட்டங்களிற் சோகை நோய்: ஒரு நோயறிதலின் வரலாறு

ஒரு நோய் மக்களிடையே நிலவுவது ஒன்று. அது இன்ன நோயென அறியப்படுவது பிறிதொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சில வேளைகளிற் பல தலைமுறைகளாக நீண்டுவிடுகின்றது. அக்கால இடைவெளியில் நோயாளி நோயாளியாகக் கருதப்படாது, சோம்பேறியென்றோ வலுவற்றவனென்றோ கருதப்படுகின்றான். இலங்கையின் மலையகத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு நோய் அறியப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, இன்றைய மருத்துவத்திற்கு அதனாற் பெறப்படும் படிப்பினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869இல் இலைத்துரு நோய் கோப்பிச் செடியைத் தாக்கத் தொடங்கியது. சில பத்தாண்டுகளுள் மலைநாடு தேயிலை நாடாக மாறிற்று. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, காடுகளினூடாக மாத்தளைவரை நடந்துவந்த பாதையில் மாண்டவர் பலர். எஞ்சியோர் லயன் காம்பிராக்களிற் குடியமர்த்தப்பட்டனர். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்தது. எனினும் மருத்துவரின் கண்ணுக்கு எட்டுமுன் நோயாளி கங்காணியின் கண்ணுக்கும் துரையின் கண்ணுக்கும் எட்டவேண்டியிருந்தது. பிரட்டுக்களத்தில் எழுந்து நிற்க முடிந்தவனுக்குப் பேர் உண்டு, முடியாதவனுக்கு இல்லை. மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யும் ஒரு நோய்க்கு இத்தகைய சூழலில் அரைப்பேரே அறிகுறியாயிற்று.

இந்நோய் எளிதில் அறியப்படாமைக்கு அதன் இயல்பும் ஒரு காரணமாகும். கொளுக்கிப்புழு வாழுமிடம் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலும் அதனைத் தொடரும் இடைச்சிறுகுடலுமாகும். ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமே உடைய இப்புழு குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகின்றது. இலங்கையிற் பெரிதும் காணப்படும் நெக்கேற்றர் என்னும் இனப் புழுவொன்றால் நாளொன்றுக்கு இழக்கப்படும் குருதி ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் மட்டுமே. ஆயின் ஒருவர் குடலில் 200 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 6 மில்லிலீற்றரும், மாதமொன்றுக்கு 180 மில்லிலீற்றரும் இழக்கப்படும். உணவில் இரும்புச் சத்துக் குறைந்த ஒருவர், அதிலும் பிள்ளை பெற்றுப் பாலூட்டும் பெண்ணொருவர், இவ்விழப்பை எங்ஙனம் ஈடுசெய்வார்? மேல்வயிற்று வலி, உடல் வெளிறல், கால் வீக்கம், மூச்சு வாங்குதல், மண் தின்னும் விருப்பு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். இவற்றுள் எதுவும் இந்நோய்க்கு மட்டுமே உரியதன்று. வயிற்று வலி குடற்புண்ணாகவும், வீக்கம் சிறுநீரக நோயாகவும், சோர்வு சோம்பலாகவும் தோற்றமளிக்கலாம்.

புழுவைப் பற்றிய அறிவு ஐரோப்பாவிற் படிப்படியாக வளர்ந்தது. இத்தாலிய மருத்துவரான ஆஞ்சலோ துபீனி 1838இல் மிலான் நகரிற் பிணப் பரிசோதனையின்போது இதனைக் கண்டு, 1843இல் விவரித்தார். 1878இல் இத்தாலிய ஆய்வாளர் கிராசியும் அவருடன் உழைத்தோரும் மலத்திற் புழுவின் முட்டையை நுணுக்குக்காட்டியாற் கண்டறியலாமென நிறுவினர். பிணத்திற் கண்ட நோயை உயிருள்ளவரிடத்திற் காண வழி பிறந்தது இதனாலேயே. 1880இல் ஆல்ப்சு மலையைக் குடைந்து சென் கோத்தாட் சுரங்கம் அமைத்த தொழிலாளரிடையே பரவிய கடுஞ்சோகைக்கு இப்புழுவே காரணமென அறியப்பட்டது. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ், புழுவின் குடம்பி தோலைத் துளைத்து உடலினுட் புகுவதைக் கண்டறிந்தார். வெறுங்காலும் ஈரமண்ணும் மலசலகூடமின்மையும் ஒன்றுசேருமிடத்து இந்நோய் நிலைபெறும் என்பது இதனாற் பெறப்பட்டது. சுரங்கத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் உள்ள ஒற்றுமை இதுவே.

இலங்கையில் இவ்வறிவு வேறொரு பெயரின் நிழலிலேயே நுழைந்தது. இங்கு சோகையும் வீக்கமும் கூடிய நோய் ‘பெரிபெரி’ என வழங்கப்பட்டது. தலைமைக் குடிசார் மருத்துவ அதிகாரியாயிருந்த வில்லியம் கின்சி 1887இல் வெளியிட்ட அறிக்கையில் இந்நோயைக் கொளுக்கிப்புழுவுடன் தொடர்புபடுத்தினார். சோகைக்குப் புழு காரணம் என்பது சரியே. ஆயின் பெரிபெரி என்பது முற்றிலும் வேறான நோய். தீட்டிய அரிசியை மட்டுமே உண்பதால் நேரும் உயிர்ச்சத்துக் குறைபாடு அது என்பது யாவாவில் ஐக்மன் 1890களிற் செய்த ஆய்வுகளின் பின்னரே தெளிவாகத் தொடங்கியது. இரு நோய்கள் ஒரு பெயருக்குள் அடங்கியமையால், ஒன்றை அறிந்தபோது மற்றொன்று மறைந்தது.

இதற்கு மறுதலையான தவறு அசாமில் நிகழ்ந்தது. காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலை ஆராய்ந்த ஜைல்ஸ் என்பவர், நோயாளரிடம் கொளுக்கிப்புழு இருப்பதைக் கண்டு, அதுவே அந்நோயின் காரணமென 1890இல் எழுதினார். ஆனால் நோயற்ற தொழிலாளரிடமும் அதே புழு இருப்பது விரைவிற் காட்டப்பட்டது. உண்மையான காரணி 1903இல் லீஷ்மன், டொனவன் என்போராற் புலப்பட்டது; டொனவன் சென்னையிற் பணியாற்றியவர். ஒரு நோயாளியிடம் ஒன்று காணப்படுவதால் மட்டும் அது அவருடைய நோய்க்குக் காரணமாகிவிடாது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருட் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. தோட்டந் தோட்டமாக மலம் சேகரிக்கப்பட்டு, நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராயப்பட்டது. தைமோலும், பின்னர் கீனோபோடியம் எண்ணெயும் மருந்தாயின. பட்டினியும் பேதி உப்பும் சிகிச்சையின் பகுதிகளாயிருந்தன. வேலைநாள் இழப்பையும் மலசலகூடம் கட்டும் செலவையும் எண்ணித் தோட்டத்துரைமாருட் பலர் தயங்கினர். நலமுற்ற தொழிலாளி மிகுதியாக உழைப்பான் என்பதே அவர்களுக்கு எடுத்துரைக்கப்பட்ட முதன்மையான நியாயம். ‘சோம்பல்’ எனப்பட்டது நோயென நிறுவப்பட்டமை பெரும் நன்மையே. எனினும் அந்நோய் தீர்க்கப்படவேண்டியதற்குக் கூறப்பட்ட காரணம் மானுடத் துயரன்று, கொழுந்தின் நிறையே என்பதையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

பாம்பனுக்கு அண்மையிலுள்ள மண்டபம் முகாமிலும் வருவோருக்குப் புழு மருந்து பின்னர் வழங்கப்பட்டது. ஆயின் மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தார். புழுவும் மீண்டும் புகுந்தது. மண்ணைத் திருத்தாது குடலை மட்டும் திருத்துதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போன்றதே.

நோயறிதலில் மற்றொரு முன்னேற்றம் 1923இல் நிகழ்ந்தது. நோர்மன் ஸ்ரோல் என்பவர் மலத்தின் ஒரு கிராமிலுள்ள முட்டைகளை எண்ணும் முறையை வகுத்தார். புழு உண்டா இல்லையா என்ற வினாவின் இடத்தை, எத்தனை புழு என்ற வினா பெற்றது. சில புழுக்களைச் சுமப்பவர் தொற்றுடையவர். பல நூறு சுமப்பவரே பெரும்பாலும் நோயாளி. இவ்வேறுபாடு தெளிவானபோதுதான் ஜைல்ஸ் செய்தது போன்ற தவறைத் தவிர்க்கும் கருவி மருத்துவரின் கைக்கு எட்டியது.

பெருந்தோட்டச் சிறாருக்குப் புழு மருந்து வழங்கும் திட்டம் 1994இல் தொடங்கப்பட்டது. இன்றைய மருந்தோ ஒரு மாத்திரையளவே. இந்நிலையிற் புதியதொரு வினா எழுகின்றது. புழு நீங்கிய பின்னும் சோகையும் மேல்வயிற்று வலியும் நீங்காதவிடத்து என் செய்வது? 1932இல் நியூயோர்க்கில் குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர் விவரித்த குடலழற்சி நோய், முதலிற் சிறுகுடலின் கடைப்பகுதிக்கே உரியதெனக் கருதப்பட்டது. சில ஆண்டுகளுள் அது முன்சிறுகுடலையும் தாக்குவது அறியப்பட்டது. இன்று அது வாய்முதல் குதம்வரை எப்பகுதியையும் தாக்கவல்லதென அறிவோம். மேற்குடலில் அது தோன்றும்போது உணவின் பின் வலி, வாந்தி, எடைக் குறைவு, சோகை ஆகியவற்றையே காட்டும். குடற்புண் போலவும் காசநோய் போலவும் மயக்கும். அகநோக்கியாற் பார்த்து, திசுவை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, காசநோய் அன்றென உறுதிசெய்த பின்னரே அதனைத் துணியலாம். ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் இவ்வழியை அடைத்துவிடும்.

ஆகவே மலையகச் சோகையின் வரலாறு இரு தவறுகளின் இடையே நடந்த வரலாறு எனலாம். நோயைக் காணாது மனிதனைப் பழித்தல் முதலாவது. ஒரு காரணத்தைக் கண்டபின் அனைத்தையும் அதன் தலையிற் சுமத்துதல் இரண்டாவது. இவ்விரண்டிலும் வருந்தியவர் தோட்டத் தொழிலாளரே. மருத்துவம் பயிலும் நம் மாணவர் நாளை நுவரெலியாவிலோ ஹட்டனிலோ வெளிறிய முகத்தோடு வரும் ஒரு தாயைக் காணும்போது, அவர் நெடுந்தூரம் நடந்து, ஒருநாட் பேரை இழந்து வந்திருப்பதை நினைவிற் கொள்வாராக. அவர் கூறுவதை முழுமையாகக் கேட்டபின் முடிவுக்கு வருதலே, இவ்வரலாறு நம்மிடம் வேண்டிநிற்கும் குறைந்தபட்சக் கடமையாகும்.