ஒரே பந்தியில் உட்கார்வது



கிறிஸ்தவத்தின் தன்னலமற்ற அன்பு என்றதும் நம் பகுதியில் பலருக்கு நினைவுக்கு வருவது கொல்லிமலை. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அந்த மலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் பள்ளியும் மருத்துவமும் கொண்டு சென்றார்கள். 1929இல் ஜெஸ்ஸி அங்கேயே காய்ச்சலில் இறந்தார். முதுமையிலும் மலையில் ஊழியம் செய்த ஈவ்லின் 1974இல் இறந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய விரல்களை வேலூரில் அறுவை சிகிச்சை செய்து மீண்டும் இயங்க வைத்தார்.

இந்தத் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது மட்டும்தான் அன்பா?

'அகாபே' என்ற கிரேக்கச் சொல்லை ஆதிச் சபை இரண்டு பொருளில் வழங்கியது. ஒன்று அன்பு, மற்றொன்று சபையார் கூடி உண்ட விருந்து. திருமண வீடுகளில் நாம் கேட்கும் அன்பின் அதிகாரம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசியோடிருந்ததைப் பவுல் கண்டிக்கிறார். பந்தியில் எழுந்த சண்டைக்குப் பிறகுதான் அன்பைப் பற்றிய பேச்சு வருகிறது.

தமிழகத்திலும் சண்டை பந்தியில்தான் எழுந்தது. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மிஷனின் ஆலயங்களில் வேளாளருக்கும் பறையருக்கும் தனித்தனி இடம் இருந்தது. நற்கருணையிலும் யார் முன், யார் பின் என்ற வரிசை இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே முற்றாக ஒழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களுள் ஒருவர்.

1840களில் மதுரை அமெரிக்க மிஷன் இதற்கு ஒரு சோதனை வைத்தது. அதன் பெயரே 'அன்பின் விருந்து'. மிஷன் ஊழியர்கள் எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். பலர் வேலையை விட்டார்களே தவிர, பந்தியில் உட்காரவில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் சேர்ந்து உண்பதையே சாதி துறந்ததற்குச் சான்றாகக் கேட்டது. லீப்சிக் லுத்தரன் மிஷனோ, சாதி மெல்ல மெல்லத் தானே மறையும் என்று பொறுத்துப் போனது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்பது இதுதான். தன்னலமற்ற அன்பு என்றால் தன்னுடையதை விடுவது. பணத்தை விட்டவர்கள் உண்டு, உயிரையே விட்டவர்களும் உண்டு. ஆனால் பிறப்பினால் வந்த மேல் இடத்தை விடச் சொன்னபோது சபை பிளந்தது. அந்த இடத்தை விடவேண்டியவர்களிடம் 'மெல்ல மெல்ல' என்றார்கள். இடமே இல்லாதவர்களிடம் 'பொறுத்துக்கொள்ளுங்கள், அதுதான் அன்பு' என்றார்கள். அன்பு என்ற சொல் ஒடுக்கப்பட்டவரின் வாயை மூடும் துணியாகவும் பயன்பட்டது.

இது முடிந்த கதை அல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு இடையிலும் சுவர் எழுந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. சபைக்குள் சாதி உண்டு, சட்டத்தின் முன் இல்லை என்ற இரட்டைச் சுமையை அவர்கள் சுமக்கிறார்கள்.

தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்த நமக்கு, ஆலயத்தின் கிண்ணத்தைப் பற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. மாணவர்களே, உங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேடுகளைப் புரட்டுங்கள். கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று பாருங்கள். அசன விருந்தில் யார் சமைக்கிறார்கள், யார் முதல் பந்தியில் உட்காருகிறார்கள் என்று எழுதி வையுங்கள். அன்பைப் பற்றிய அடுத்த பேச்சை நாம் அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குவோம்.