ஜூன் மாதத்தில் ஒரு பொங்கல்

ஜூன் 21. கத்திரி முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களிடம் போய் "கத்திரி முடிந்துவிட்டது" என்று சொன்னால் முறைப்பார்கள்! வருடத்திலேயே நீளமான பகல் அன்றுதான். சூரியன் கிட்டத்தட்ட 12 மணி 50 நிமிடம் தலைக்கு மேலே நின்று காய்ச்சும். கரண்ட் போய்விட்டால் அவ்வளவுதான்.

அதே நாளில், அண்டார்டிகாவில் இருக்கும் நம் 'மைத்ரி' ஆராய்ச்சி நிலையத்தில் சூரியனைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மே மாதம் மூன்றாம் வாரத்தில் மறைந்தது, திரும்பவும் தலைகாட்ட ஜூலை மூன்றாம் வாரம் தாண்ட வேண்டும். நண்பகலில் வடக்குத் திசையில் சில மணி நேரம் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும், அதோடு சரி. குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே போகலாம். பனிப்புயல் வந்தால் பக்கத்துக் குடிசைக்குப் போவதற்குக்கூட கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அந்த நாளைத்தான் அங்கே திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். மைத்ரி மட்டுமில்லை, அண்டார்டிகாவில் குளிர்காலம் முழுவதும் ஆள் தங்கும் சுமார் நாற்பது நிலையங்களுக்கும் அதுதான் பெரிய பண்டிகை. பெயர் 'மிட்விண்டர்'. அங்கே கிறிஸ்துமஸைவிட இதற்குத்தான் மவுசு அதிகம். டிசம்பரில் அங்கே கோடை, எல்லோரும் வேலையில் மும்முரமாக இருப்பார்கள்.

இருட்டின் நட்டநடுவில் எதற்கு விருந்து? காரணம் ரொம்ப எளிது. அன்றோடு சூரியன் வடக்கே போவதை நிறுத்திவிட்டுத் தெற்கே திரும்புகிறது. நாளையிலிருந்து இருட்டு குறையும். யோசித்துப் பாருங்கள், இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. தை மாதம் சூரியன் வடக்கே திரும்புவதை நாம் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறோம். (வானியல் கணக்குப்படி திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பஞ்சாங்கம் மூன்று வாரம் பின்தங்கிவிட்டது. அது தனிக் கதை.) தென்துருவத்துக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ். நமக்கு தட்சிணாயனம் தொடங்குவதுதான் அவர்களுக்கு வெளிச்சம் திரும்பும் நேரம். மைத்ரியில் சூரியன் மறுபடி எட்டிப் பார்ப்பது ஏறத்தாழ நம் ஆடி முதல் வாரத்தில்!

பழைய ஆட்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள். வட துருவத்தில் மேரு மலையில் தேவர்கள், அதற்கு நேர் எதிர் முனையில் அசுரர்கள், ஒருவருக்குப் பகல் என்றால் மற்றவருக்கு இரவு, ஒவ்வொன்றும் ஆறு மாதம் என்று 'சூரிய சித்தாந்தம்' சொல்கிறது. யாரும் போய்ப் பார்க்காமலே கணக்கு போட்டுச் சொன்ன விஷயம். அசுரர்கள் அங்கே இருந்தார்களோ இல்லையோ, முதன்முதலில் அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்த மனிதர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

1898ல் 'பெல்ஜிகா' என்ற பெல்ஜியம் நாட்டுக் கப்பல் அண்டார்டிகா கடலில் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. மே மாதம் நடுவில் சூரியன் போனது, ஜூலை கடைசி வாரம்தான் வந்தது. ஜூன் 5ந்தேதி எமில் டான்கோ என்ற விஞ்ஞானி இதய நோயால் இறந்தார். அவர் உடலைப் பனியில் துளை போட்டுக் கடலில் இறக்கினார்கள். கப்பலில் இருந்த பூனைகூட அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மாலுமிகளில் சிலருக்குப் புத்தி பேதலித்தது. எல்லோருக்கும் ஸ்கர்வி நோய் வேறு. கப்பலின் மருத்துவர் ஃப்ரெடரிக் குக், பென்குயின் கறியும் சீல் கறியும் சாப்பிட்டால் சரியாகும் என்றார். தலைவர் டி ஜெர்லாஷுக்கு அந்தக் கறியைக் கண்டாலே ஆகாது. கடைசியில் உயிர் போகும் நிலை வந்த பிறகுதான் சாப்பிட்டார், பிழைத்தார். குக் இன்னொன்றும் செய்தார். சோர்ந்துபோனவர்களைத் தினமும் அடுப்பு வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார வைத்தார். இன்று மன அழுத்தத்துக்கு ஒளி சிகிச்சை தருகிறார்களே, அதன் முன்னோடி என்று இதைச் சொல்கிறார்கள். அந்தக் கப்பலில் இளம் அதிகாரியாக இருந்தவர்தான் பின்னாளில் தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென்.

இருட்டு என்பது வெறும் இருட்டு இல்லை, அது ஆளைக் கொல்லும் என்பது பெல்ஜிகா கற்றுக்கொடுத்த பாடம். அதற்குப் பின் வந்தவர்கள் விருந்தையும் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் மிகப் பிரபலமானது ஸ்காட் குழுவினர் கேப் எவன்ஸ் குடிலில் 1911 ஜூன் 22 அன்று நடத்திய விருந்து. ஒரே கூரையின் கீழ் 25 பேர். கொடிகள் தொங்கவிட்டார்கள். சீல் சூப், மாட்டிறைச்சி வறுவல், பிளம் புட்டிங், ஷாம்பெயின். பௌவர்ஸ் என்பவர் ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்துகொண்டு வந்தார். மரமே இல்லாத கண்டத்தில் மரத்துக்கு எங்கே போவது? பனிச்சறுக்குக் கம்பு ஒன்றை நட்டு, மூங்கில் குச்சிகளைக் கிளையாக்கி, நுனியில் பறவை இறகுகளைக் கட்டினார். அதில் மெழுகுவர்த்திகளும் மிட்டாய்களும் பொம்மைகளும் தொங்கின. ஓட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரிக்கு ஒரு விசிலும் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியும் கிடைத்தன. சின்னப் பையன் மாதிரி அதை வைத்துக்கொண்டு எல்லோரையும் சுட்டுத் தள்ளினாராம். ஒன்பது மாதம் கழித்து, 1912 மார்ச்சில், துருவத்திலிருந்து திரும்பும் வழியில், தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகிறது என்று கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்துபோய் உயிரை விட்டவர் இதே ஓட்ஸ்தான். மரம் செய்த பௌவர்ஸும் திரும்பவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். அண்டார்டிகாவில் இந்தியாவின் அக்கறை பலரும் நினைப்பதைவிடப் பழையது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது எல்லோருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் வரும். அதற்கு அடுத்த வருடமே நேரு அரசு, அண்டார்டிகா பிரச்சினையை ஐ.நா. பொதுச்சபையில் விவாதிக்க வேண்டும், அதை அமைதிக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டது. 1958ல் மறுபடியும் கேட்டது. இரண்டு முறையும் ஆதரவு கிடைக்காமல் வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. 1959 டிசம்பர் 1ல் பன்னிரண்டு நாடுகள் தங்களுக்குள் அண்டார்டிகா ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அந்தப் பன்னிரண்டில் இந்தியா இல்லை.

நம் நாட்டுக் குழு 1981 டிசம்பர் 6ல் கோவாவிலிருந்து கிளம்பி, 1982 ஜனவரி 9ல் அங்கே கால் வைத்தது. மொத்தம் 21 பேர், தலைவர் காசிம். அதற்கு முன்பே பரம்ஜித் சிங் செஹ்ரா என்ற விஞ்ஞானி 1971-73ல் சோவியத் குழுவோடு போய்க் குளிர்காலத்தைக் கழித்திருந்தார். ஆனால் இந்தியக் கூரையின் கீழ் இந்தியர்கள் குளிர்காலம் தங்கியது 1984ல்தான். மூன்றாவது குழு பனித்தட்டின் மீது 'தட்சிண கங்கோத்ரி' நிலையத்தை எட்டு வாரத்தில் கட்டி முடித்தது. மார்ச்சில் கப்பல் கிளம்பிப் போனது. ராணுவ அதிகாரி எஸ்.எஸ். சர்மா தலைமையில் 12 பேர் மட்டும் நின்றார்கள்.

இந்த 'கப்பல் போய்விட்டது' என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கடல் உறைந்துவிட்டால் அடுத்த கோடை வரை கப்பல் வராது. யாருக்காவது உடம்புக்கு வந்தால்? மைத்ரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்காயா நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரல் 30ல் அங்கே ஒருவருக்குக் குடல்வால் அழற்சி. நோயாளி யார் தெரியுமா? நிலையத்தின் ஒரே டாக்டர், 27 வயது ரோகோசாவ். வேறு வழியில்லை. தன் வயிற்றைத் தானே கீறி, உதவிக்கு நின்றவர்கள் பிடித்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குடல்வாலை வெட்டி எடுத்துத் தையலும் போட்டுக்கொண்டார். இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டார். மிட்விண்டருக்கு ஒன்றரை மாதம் முன்னால் நடந்தது இது. அந்த வருட மிட்விண்டர் மேஜையில் அவரும் உட்கார்ந்திருந்தார் என்பதே பெரிய விஷயம்.

தட்சிண கங்கோத்ரியை ஒவ்வொரு வருடமும் பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. உள்ளே இருந்தவர்கள் பனிக்கு அடியில் வாழ்ந்தார்கள், வெளியே வர மேலே ஏற வேண்டும். 1987-89ல் அந்த நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். இன்றைய அரியலூர் மாவட்டம் சன்னாசிநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன். வெயிலுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர், ஒரு வருடத்துக்கும் மேலே பனிக்கடியில்! இங்கே தபால் நிலையமும் இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் முத்திரை குத்தலாமே தவிர, எடுத்துப் போகத்தான் ஆள் கிடையாது. 1990ல் அந்த நிலையத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் 1989ல் பாறைத் தரையில் மைத்ரி தயாராகிவிட்டது. 2012 மார்ச்சில் 134 கன்டெய்னர்களைக் கொண்டு கட்டிய 'பாரதி'யும் வந்தது.

நம்மவர்கள் மிட்விண்டரை எடுத்துக்கொண்ட விதம்தான் சுவாரசியம். இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று ஒதுக்கவில்லை. நிலையத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ எடுத்து, வாழ்த்து அட்டை தயாரித்து மற்ற எல்லா நிலையங்களுக்கும் அனுப்புவார்கள். முன்பு ரேடியோவில் சொன்ன வாழ்த்து, பிறகு மின்னஞ்சலில் போக ஆரம்பித்தது. பதிலுக்கு மற்ற நாட்டு அட்டைகள் வந்து குவியும், சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். மைத்ரிக்காரர்களுக்கு ரஷ்ய நிலையம் பக்கத்து வீடு மாதிரி. வானிலை இடம் கொடுத்தால் இவர்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் உண்டு. அணு ஆயுதம், எல்லை என்று தலைநகரங்களில் என்ன நடந்தாலும் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே பண்டிகை. 1982ல் ஃபாக்லாண்ட் தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டு முடித்தது மிட்விண்டருக்கு ஒரு வாரம் முன்புதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டு ஆட்களும் அப்போது அண்டார்டிகாவில் இருந்தார்கள்.

மற்ற நாட்டு வழக்கங்களும் வேடிக்கையானவை. ஆஸ்திரேலியர்கள் பனியில் குழி வெட்டி அந்தத் தண்ணீரில் குதிப்பார்கள். பிரிட்டிஷ் நிலையங்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்குத் தன் கையாலேயே ஒரு பரிசு செய்து தர வேண்டும், கடைக்குப் போய் வாங்க முடியாதே! அன்று காலை நிலையத் தலைவர் மற்றவர்களுக்குப் படுக்கைக்கே சிற்றுண்டி கொண்டுபோய்க் கொடுப்பார். பி.பி.சி. 1955 முதல் இவர்களுக்கென்றே ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தி, வீட்டார் குரலை ஒலிபரப்பியது. இந்திய நிலையங்களில் தலைவர் என்றாலும் விஞ்ஞானி என்றாலும் முறை வரும்போது சமையலறையில் கைகொடுத்துப் பாத்திரம் கழுவ வேண்டும், வருடம் முழுவதும்.

பாரதியில் 2016 நவம்பரிலிருந்து 2017 டிசம்பர் வரை 403 நாட்கள் தங்கிய இஸ்ரோவின் மங்களா மணிக்கு அப்போது வயது 56. 23 பேர் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். துருவத்தின் மேலே செல்லும் இந்தியச் செயற்கைக்கோள்களின் தகவலை அங்கிருந்து இறக்குவது அவர் வேலை. பாரதி மைத்ரியைவிடக் கொஞ்சம் வடக்கே இருப்பதால் அங்கே இருட்டு சில நாட்கள் குறைவு. ஆடி பிறக்கும் சமயத்திலேயே சூரியன் விளிம்பு தெரிந்துவிடும். முதல் நாள் சில நிமிடம்தான், வந்த வேகத்தில் மறைந்துவிடும். அதைப் பார்க்க எல்லோரும் கனத்த உடைகளை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வடக்கே பார்த்து நிற்பார்கள்.