நாம் கடன்பட்ட இல்லம்

விருத்தாசலம் வட்டாரத்தைச் சேர்ந்த கருவேப்பிலங்குறிச்சி மக்களாகிய எங்களுக்குப் புதுச்சேரி அயலூர் அன்று. மருத்துவத்திற்காகவும் பிள்ளைகளின் படிப்பிற்காகவும் சென்று வரும் ஊர்தான். எனினும், அங்கே ஒரு கவிஞர் குடியிருந்த வீட்டைக் காண்பதற்கென்றே நாங்கள் சிலர் புறப்பட்டது அண்மையில்தான். விருத்தாசலத்தில் பேருந்து மாறி, நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூரை அடைந்தோம். மகாகவி சுப்பிரமணிய பாரதியார் கைதியாக அழைத்துவரப்பட்ட ஊர் இது என்று எங்களுள் ஒருவர் நினைவூட்டினார். அதன்பின் புதுச்சேரி வரையில் எங்கள் பேச்சு வேறொன்றை நாடவில்லை.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு, வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய தெரு. அங்குள்ள பாரதியார் வீட்டைப் புதுவை அரசு தன் பொறுப்பில் ஏற்று, 1972ஆம் ஆண்டு முதல் நினைவு அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் பேணி வருகிறது. வெளியே வாகன இரைச்சல்; உள்ளே முற்றத்தில் இறங்கும் வெளிச்சமும் அமைதியும். கையெழுத்துப் படிகள், கடிதங்கள், அவர் உழைத்த இதழ்களின் பக்கங்கள், ஒளிப்படங்கள், நூல்கள் ஆகியவை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அரசர்களின் அரண்மனையில் வாளும் மகுடமும் காட்டுவார்கள். இங்கே காட்டுவதற்குத் தாளைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வறுமையே எங்களைச் சிந்திக்க வைத்தது.

அறை அறையாக நடந்தபோது, இந்த வீட்டின் வரலாறு உண்மையில் கடன்களின் வரலாறு என்று எங்களுக்குத் தோன்றியது.

முதற்கடன், அவர் புதுச்சேரிக்கு வந்த சூழலிலேயே தொடங்குகிறது. 1908ஆம் ஆண்டு, 'இந்தியா' வார இதழின் எழுத்துக்காக ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த மு. சீனிவாசன் சிறைத் தண்டனை பெற்றார். அவ்விதழின் உயிர்மூச்சாக இருந்த பாரதியார், நண்பர்களின் அறிவுரையை ஏற்றுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். எழுதியவர் வெளியே இருந்தார். பெயர் தந்தவர் உள்ளே இருந்தார். கவிஞரைப் போற்றும் நாம் அந்தச் சீனிவாசனின் பெயரை எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

அடுத்தது வீட்டு வாடகை. புதுச்சேரிக்குப் பெயர்ந்த 'இந்தியா' இதழும், ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டதால், 1910இல் நின்றுபோயிற்று. ஒற்றர்கள் தெருவிலேயே காத்திருந்தனர். வருவாய் நின்றது. அந்நாளில் அவருக்கு வீடு தந்தவர், 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று ஊரார் அழைத்த ஒருவர். அவர் வாடகை கேட்க வருவார். பாரதியார் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்பார். வாய் திறவாமல் திரும்பிவிடுவார். இதனை வ.ரா. தமது பாரதி வரலாற்றில் நெகிழ்ந்து கூறியுள்ளார். அச்செட்டியார் கவிதை ஆய்ந்த புலவரல்லர். ஆயினும், தமிழுக்கு அவர் செய்த தொண்டு சிறியதன்று. 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' ஆகிய மூன்றும் இப்புதுச்சேரி வாழ்க்கையின் விளைச்சல்கள் அல்லவா?

மூன்றாவது கடன் எல்லாவற்றிலும் கனமானது. சமையலுக்கென்று செல்லம்மாள் பாடுபட்டுத் தேடி வைத்த அரிசியைக் கவிஞர் முற்றத்துக் குருவிகளுக்கு வாரி இறைத்தார் என்ற நிகழ்ச்சியை நாம் புன்னகையோடு சொல்லி மகிழ்கிறோம். குருவிகள் உண்டன, கவிஞர் மகிழ்ந்தார். அன்றைய உலையை எதைக் கொண்டு ஏற்றுவது என்ற கவலை யாருடையதாக இருந்தது? எங்களோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர், செல்லம்மாள் கணவரோடு இருக்கும் ஒளிப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "இந்த அம்மா எவ்வளவு தாங்கியிருப்பாங்க!" என்று மட்டும் சொன்னார். ஆய்வுரைகள் பலவற்றில் நாங்கள் காணாத ஒன்று அச்சொல்லில் இருந்தது.

முதல் உலகப் போர் முடிந்ததும், 1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையருகே கைது செய்யப்பட்டு, கடலூரில் மூன்று வாரங்களுக்கு மேல் சிறை வைக்கப்பட்டார். திருநெல்வேலி மாவட்டத்தில்தான் வாழவேண்டும், எழுதுவனவற்றை முன்கூட்டியே காவல்துறையினரிடம் காட்டவேண்டும் என்னும் நிபந்தனைகளோடு டிசம்பர் 14ஆம் நாள் விடுதலையானார். பத்தாண்டு அடைக்கலம் தந்த மண்ணை நீங்கியவரை முதலில் வரவேற்றது அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சிறை. அது நம் மாவட்டம்.

1920இல் அவர் தமிழ் மக்களிடம் வெளிப்படையாகவே கடன் கேட்டார். தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படிகள் அச்சிட வேண்டும் என்பது அவர் திட்டம். அன்றாடம் வாங்கும் தீப்பெட்டியைப் போல அவை வீடுதோறும் விற்பனையாகும் என நம்பினார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில், நாற்பது வயதை எட்டும் முன்பே, சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்வு முடிந்தது. மறு ஆண்டே கணவரின் பாடல்களை நூலாக்கி வெளியிட முன்வந்தவர், அரிசிக்கு அல்லாடிய அதே செல்லம்மாள்.

எனினும், நம் மாவட்டத்தின் பங்கு சிறையோடு முடிந்துவிடவில்லை. பாரதியார் பாடல்களின் உரிமை பலர் கைக்கு மாறி, அவற்றைப் பாடுவதற்கும் ஒலிப்பதற்கும் இசைவு பெறவேண்டிய நிலை ஏற்பட்டது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினர். 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைத் தன்வயமாக்கியது. பின்னர் அவை மக்களின் பொதுவுடைமை ஆயின. 1949 மார்ச்சில் சட்டமன்றத்தில் அம்முடிவு அறிவிக்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவரும் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தரே. சிறைவைத்த மாவட்டத்தின் மகன் ஒருவரது ஆட்சி, முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அக்கவிஞரின் சொற்களை விடுவித்தது. வரலாறு சில வேளைகளில் இவ்வாறும் கணக்கு நேர்செய்கிறது.

ஆகவே, இன்று அவர் பாடலைப் பாட எவருடைய அனுமதியும் நமக்குத் தேவையில்லை. வாடகை கொடுக்க இயலாத வீட்டில் அவர் இயற்றிய பாடல்களில், நாம் வாடகையின்றிக் குடியிருக்கிறோம். அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை சென்று வந்துவிட்டால் இக்கடன் தீர்ந்துவிடுமா?

மாலையில் பேருந்து கடலூரை மீண்டும் கடந்தபோது, எங்களிடையே இக்கேள்விதான் எஞ்சி நின்றது. கவிஞர் மறைந்த பின் அவர் வீட்டைப் பேணுவது நன்று. அது அரசின் கடமை. அவர் வாழும்போது வாசலில் வந்து நின்று, பாட்டைக் கேட்டு, வாடகை கேளாமல் திரும்பிய மனிதரின் பணி வேறு. அதற்கு அரசு ஆணை வேண்டியதில்லை. நம் தெருவிலும் நல்லதொன்றை எழுதிக்கொண்டோ, பாடிக்கொண்டோ, பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டோ கடனில் உழலும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் வீட்டில் அரிசி தேடும் பெண்மணி ஒருவரும் இருக்கக்கூடும். அவர்கள் வாசலுக்கு நாம் எந்த முகத்தோடு செல்லப்போகிறோம்?