தணிக்கை: சொல்லும் பொருளும்

ஹைதராபாத்தின் உப்பல் சாலைச் சந்திப்பில் காவலர் வாகனங்களை நிறுத்திச் சோதிப்பதைத் தெலுங்கு நாளேடுகள் 'தனிகீ' என எழுதும். கன்னடத்தில் 'தனிகெ' என்பது புலனாய்வு. தமிழில் இச்சொல் 'தணிக்கை' என வழங்கி, கணக்காய்வையும், நூல், திரைப்படம் ஆகியவற்றை அதிகாரத்தால் ஆய்ந்து வெட்டுவதையும் ஒருங்கே குறிக்கிறது. பின்னதற்குத் தெலுங்கில் 'சென்சார்' என்பதே பெருவழக்கு. ஒலியை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் இடறுவது எளிது.

'தணி' என்னும் வினையடியிலிருந்து இச்சொல்லைப் பிறப்பிப்பது ஒலியொப்புமையால் நேரும் மயக்கம் எனலாம். அரபு 'தன்கீஹ்' என்பதை மூலமாகக் கொள்வதே பொருந்தும். மரத்தின் வேண்டாக் கிளைகளைக் கழித்தலும் நூலைத் திருத்திச் செப்பனிடுதலும் அதன் பொருள்கள். உருது நீதிமன்ற வழக்கில் அது வழக்கின் எழுவினாக்களை வரையறுத்தலைக் குறித்தது. தமிழிலோ கணக்கைச் சரிபார்த்தலுக்குரிய அலுவலகச் சொல்லாக நிலைபெற்றது.

1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் வழி 1920இல் சென்னை முதலிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. அப்புதிய பணிக்குக் காலப்போக்கில் தமிழ் ஏற்றுக்கொண்ட பெயர் கணக்கரின் சொல்லே. இது தற்செயலன்று போலும். உரோமாபுரியின் 'சென்சார்' என்னும் அலுவலரும் முதலில் குடிகளின் சொத்தை மதிப்பிட்டவரே. ஒழுக்கக் கண்காணிப்புப் பின்னரே அவரைச் சார்ந்தது. 1983இல் நடுவண் வாரியம் தன் ஆங்கிலப் பெயரில் 'தணிக்கை'யை விடுத்துச் 'சான்றளிப்பு' என மாற்றிக்கொண்டது. தமிழ்ப் பேச்சு வழக்கு அதனைப் பொருட்படுத்தவில்லை.

இச்சொல்லின் எல்லையை ஒரு நூலின் வரலாறு காட்டும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் இயற்றியது 'ராதிகா சாந்தவனம்'. 1887ஆம் ஆண்டுப் பதிப்பில் பதிப்பாசிரியரே சில பாடல்களை விட்டுவிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடி தேடி 1910இல் முழுமையாக வெளியிட்டார். 1911இல் அரசு தடை விதித்தது. அது நீங்கியது 1947இல். பின்னது தடை. முன்னதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. ஆங்கிலத்தார் ஷேக்ஸ்பியரைக் குடும்பத்தினர்க்கெனக் கத்தரித்த பௌட்லரின் பெயரையே அதற்கு வினையாக்கினர்; 1807ஆம் ஆண்டு முதற்பதிப்பில் கத்தரித்தவர் அவர்தம் தமக்கை ஹென்ரியட்டா என்பது வேறு. 1887ஆம் ஆண்டு வெட்டினைத் 'தணிக்கை' என மொழிபெயர்த்தால், அங்கு இல்லாத அரசு அலுவலர் ஒருவர் வாக்கியத்துள் வந்து அமர்ந்துவிடுகிறார். விட்டவர் பதிப்பாசிரியர் என்பது மறைந்துபோகிறது.